கைமாறிய வித்து காவாது!

நஞ்சு என்பதற்கும் மருந்து என்பதற்கும் தமிழில் தனித்தனிச் சொற்கள் உண்டு. உயிரைக் கொல்வது நஞ்சு. நோயைத் தீர்ப்பது மருந்து. இவ்வளவு தெளிவாக இரு சொற்களை வைத்திருக்கும் மக்களைக் கொண்டே, கொல்லும் பொருளை 'மருந்து' என்று சொல்ல வைத்ததுதான் பூச்சிக்கொல்லி வாணிகத்தின் முதல் வெற்றி! 'நஞ்சு தெளிக்கப் போகிறேன்' என்று தமிழ்நாட்டு உழவர் எவரும் இன்று சொல்வதில்லை; 'மருந்தடிக்கப் போகிறேன்' என்றே சொல்கின்றார். சொல் மாறியதும் அச்சம் போயிற்று. அச்சம் போனதும் அளவு போயிற்று.

இதன் விளைவைக் காண விழைவார் தேவாரத்துக்குச் செல்லலாம். தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் அமைந்த ஊர் அது. தலைநிமிர்ந்து பார்த்தால் மலை; மலைக்கு மேல், மாநில எல்லைக்கு அப்பால் ஏலத்தோட்டங்கள். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது அம்மலைப் பகுதி கேரளத்தோடு சேர்ந்தது. எல்லை மாறினும் உழைப்பு மாறவில்லை. தேவாரத்தினின்றும் போடியினின்றும் கம்பத்தினின்றும் விடியுமுன் ஊர்திகளில் நெருக்கியடித்து மலையேறி, பொழுது சாயக் கீழிறங்கும் தமிழ்க் கூலியாள்களின் கைகளாலேயே அவ்வேலம் நெடுங்காலமாக வளர்ந்து வந்துள்ளது. அங்கு விளைந்த காய் போடியில் உள்ள நறுமணப்பொருள் வாரியத்தின் மின்னேல மையத்தில் விலைபோகின்றது. வாங்குவோர்க்கு மணம்; விற்போர்க்குப் பணம்; தெளிப்போர்க்கும் பறிப்போர்க்கும் நஞ்சு!

2023 சனவரியில் சபரிமலையின் அரவணைப் பண்டத்தில் கலந்த ஏலத்தில் பூச்சிக்கொல்லி எச்சம் வரம்புக்கு மேல் இருந்ததாக உணவுப் பாதுகாப்பு ஆய்வறிக்கை கூறியது. கேரள உயர்நயன்மன்றம் விற்பனையை நிறுத்தியது; ஏறத்தாழ ஆறரை இலக்கம் குப்பிகள் முடங்கின. 2024 மார்ச்சில் உச்ச நயன்மன்றம் அவ்வாணையை நீக்கியது. வழக்கு எவ்வாறு முடிந்தாலும் ஒன்று விளங்கிற்று. உண்ணும் பண்டத்தில் கண்ட நஞ்சுக்கு வழக்குண்டு, ஆய்வகம் உண்டு, நாளிதழில் தலைப்புண்டு. அந்நஞ்சைத் தோளில் சுமந்து தெளித்தவன் நுரையீரலுக்கு வழக்குமில்லை, ஆய்வுமில்லை, தலைப்புமில்லை!

இந்த இடத்தில்தான் ஒரு குரல் எழுகின்றது. 'நஞ்சு வேண்டாவெனில் மரபீனி மாற்றிய வித்தை ஏற்றுக்கொள்ளுங்கள். பூச்சியை எதிர்க்கும் ஆற்றலை வித்துக்குள்ளேயே வைத்துத் தருகின்றோம். தெளிப்பானைத் தூக்கி எறியலாம்' என்பது அக்குரல். நஞ்சால் நலிந்தவனுக்கு இது தேனாக இனிக்கும். ஆகவே இதனை ஏளனம் செய்து தள்ளிவிட முடியாது. உண்மையா, பொய்யா, உண்மையெனில் எவ்வளவு உண்மை என்று அளந்து பார்த்தே விடை சொல்ல வேண்டும்.

வித்துக்குள் வைத்தது எது?

1901-இல் சப்பான் நாட்டு அறிவியலார் இசிவாட்டா, பட்டுப்புழுக்களைக் கொல்லும் ஒரு நுண்ணுயிரியைக் கண்டார். 1911-இல் செருமனியின் தூரிங்கியப் பகுதியில் மாவுப்பூச்சியின் புழுவினின்று அதே நுண்ணுயிரியைப் பிரித்தெடுத்த பெர்லினர், அப்பகுதியின் பெயரையே அதற்கு இட்டார். பாசில்லசு தூரிஞ்சியென்சிசு என்னும் அந்நெடும் பெயரின் சுருக்கமே இன்று உழவர் வாயில் புழங்கும் 'பி.டி.'. இது மண்ணில் இயல்பாக வாழ்வது. பளிங்கு வடிவான ஒரு புரதத்தை ஆக்குவது. அதனைத் தின்ற புழுவின் குடலில், அங்குள்ள காரத்தன்மையால் அப்புரதம் கரைந்து, குடற்சுவரில் பற்றித் துளையிடுகின்றது. புழு தீனியை நிறுத்துகின்றது. சில நாளில் மடிகின்றது. அப்புரதத்தை ஆக்கும் மரபீனியைப் பயிருக்குள் புகுத்திவிட்டால், பயிரே தன் இலையிலும் காயிலும் அதனை ஆக்கிக்கொள்ளும்.

மாந்தர் வயிறு காடித்தன்மை உடையது. அப்புரதம் பற்றும் இடமும் மாந்தர் குடலில் இல்லை. எனவே, 'இதனை உண்டவர் உடனே மாள்வர்' என்னும் கூச்சல் அறிவியலாகாது. தமிழர் தம் பக்கத்து ஞாயத்தை நிலைநாட்டப் பொய்யைத் துணைக்கழைக்க வேண்டிய தேவை இல்லை. மெய்யே போதும்.

மெய் என்ன? இப்புரதம் இலையையும் காயையும் கடித்துத் தின்னும் சிலவகைப் புழுக்களை மட்டுமே கொல்லும். சாற்றை உறிஞ்சும் பூச்சிகளை அது தொடாது. ஏலத்தில் தண்டையும் காயையும் துளைக்கும் புழு ஒன்றுண்டு. அதன்மேல் இவ்வழி செல்லக்கூடும். ஆயின், காயின் தோலைச் சொறிபிடிக்கச் செய்து விலையைக் குலைப்பதும், ஏலமலையில் ஓயாத தெளிப்புக்குத் தலையாய ஏதுவாய் இருப்பதும் இலைப்பேன் அன்றோ? அது சுரண்டி உறிஞ்சும் பூச்சி. அதன்முன் பி.டி. புரதம் செல்லாக்காசு! மரபீனி மாற்றிய ஏலம் எத்தோட்டத்துக்கும் இன்றுவரை வந்ததுமில்லை. எனவே, ஏலமலையின் நஞ்சைக் காட்டி இவ்வித்துக்கு இசைவு கேட்பது, ஒருவன் நோயைக் காட்டி இன்னொருவனுக்கு மருந்து விற்கும் செயலே.

பருத்தி சொன்ன பாடம்

மலையில் ஏலம் எனில் அடிவாரத்துச் சமவெளியில் பருத்தி. தேனி பருத்தி வாணிகத்தால் வளர்ந்த ஊர். இவ்வட்டாரத்தார் கணக்குப் பார்க்க வேண்டியது வரப்போகும் ஏலத்தை வைத்தன்று. வந்துவிட்ட பருத்தியை வைத்தே.

2002 மார்ச்சில், மகிக்கோவும் அமெரிக்க மான்சாண்டோவும் கூடியமைத்த குழுமத்தின் மூன்று பி.டி. பருத்தி ஒட்டுவித்துகளுக்கு நடுவண் அரசு இசைவளித்தது. தொடக்க ஆண்டுகளில் காய்ப்புழு குறைந்தது. அப்புழுவுக்கெனத் தெளித்த நஞ்சும் குறைந்தது. இதனை மறைப்பது நேர்மையாகாது. இந்திய அளவில் 2001-02இல் எக்டேருக்கு ஏறத்தாழ 308 கிலோவாக இருந்த பஞ்சு விளைச்சல் 2007-08இல் 554 கிலோவானது. 'பார்த்தீரா, பி.டி.யின் வெற்றியை!' என்று மேடைதோறும் முழங்கினர்.

ஆனால், நாகபுரி நடுவண் பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராய் இருந்த கேசவ் கிராந்தியும் அமெரிக்க ஆய்வாளர் கிளென் தேவிசு சுட்டோனும் இருபதாண்டுக் கணக்கை அலசி 2020-இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைச் சொல்கின்றது. விளைச்சல் ஏற்றத்துக்கு உரமும் நீர்ப்பாசனமும் புதிய பூச்சிக்கொல்லிகளுமே பெரும் ஏதுக்கள் என்றும், பி.டி. வருமுன் செலவிட்டதைவிட மிகுதியாக உழவர் பூச்சிக்கொல்லிக்குச் செலவிடும் நிலை வந்துவிட்டது என்றும் அவ்வாய்வு காட்டிற்று. காய்ப்புழு ஓய்ந்த இடத்தில் சாறுறிஞ்சிகள் பெருகின. 2015-இல் பஞ்சாபின் பருத்தியை வெள்ளை ஈ சூறையாடியது. 2017-இல் மராட்டியத்தின் யவத்துமால் மாவட்டத்தில், பி.டி. பருத்திக்கு நஞ்சு தெளித்த உழவரும் கூலியாள்களும் இருபதுக்கும் மேற்பட்டோர் நச்சேறி மாண்டனர். தெளிப்பானைத் தூக்கி எறியச் சொன்ன வித்து, தெளித்தவனையே தூக்கி எறிந்தது!

காய்ப்புழுவேனும் ஒழிந்ததா? அதுவுமில்லை. குசராத்தின் நான்கு மாவட்டங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு தம் வித்தை வென்றுவிட்டதை மான்சாண்டோ குழுமமே 2010-இல் ஒப்புக்கொண்டது. முதல் வித்தில் ஒரு மரபீனி. 2006-இல் வந்த இரண்டாம் வித்தில் இரண்டு. சில ஆண்டுகளில் அவ்விரண்டையும் அப்புழு வென்றது.

ஒரே புழு, இரு முடிவு

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். அதே இளஞ்சிவப்புக் காய்ப்புழு அமெரிக்காவிலும் இருந்தது. அதே பி.டி. பருத்தி அங்கே 1996 முதல் விளைந்தது. 2018-இல் அந்நாட்டுப் பருத்தி நிலங்களினின்று அப்புழு ஒழிக்கப்பட்டதாக அவ்வரசு அறிவித்தது. மரபீனி ஒன்று, புழு ஒன்று. அங்கே ஒழிந்தது, இங்கே வென்றது. ஏன்?

விடை 'புகலிடப் பயிர்' என்பதில் அடங்கியுள்ளது. எந்தப் புழுக்கூட்டத்திலும் அரிதாக ஒரு சில, அந்நஞ்சுக்கு மாளாதவையாய் இருக்கும். வயல் முழுதும் பி.டி. பருத்தியாயின், எஞ்சுவன அவை மட்டுமே. அவை தம்முள் கூடி மாளாத மரபைப் பெருக்கும். ஆனால், வயலோரத்தில் பி.டி. அல்லாத பருத்தியும் நின்றால் அங்கே எளிய புழுக்கள் பிழைத்திருக்கும். மாளாத புழு எளிய புழுவோடு கூடும். அவற்றின் குஞ்சுகளிற் பெரும்பாலானவை பி.டி.க்கு மாளும். புழுவுக்குக் கொஞ்சம் இடம் விட்டால்தான் வித்துக்கு வாழ்வு! அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உழவர் இதனைக் கடைப்பிடித்தனர். பின்னர் மலடாக்கிய அந்துகளைக் கோடிக்கணக்கில் பறக்கவிட்டனர். பருவம் முடிந்ததும் செடிகளை அழித்தனர். அரசு, அறிவியலார், உழவர் மூவரும் ஒரு மொழியில் பேசிச் செய்த வேலை அது.

இங்கே நடந்தது என்ன? 450 கிராம் பி.டி. வித்தோடு 120 கிராம் வெறும் வித்தைத் தனிப் பொட்டலமாகக் கொடுத்தனர். வயலைச் சுற்றி ஐந்து வரிசையோ, பரப்பில் ஐந்திலொரு பங்கோ அதனை விதைக்க வேண்டும் என்பது விதி. ஓர் ஏக்கரும் ஈரேக்கரும் வைத்திருக்கும் உழவன், ஐந்திலொரு பங்கைப் புழுவுக்கு விடுவதன் பொருளை எவர் அவனுக்கு விளக்கினார்? விட்ட பங்கின் இழப்புக்கு எவர் ஈடு தந்தார்? 'புழு தின்னும் வித்தை ஏன் விதைப்பது?' என்று அச்சிறு பொட்டலத்தை எறிந்தவர் மிகப் பலர். குழுமத்துக்கு விற்றதோடு கடமை முடிந்தது. அரசுக்கு இசைவு முத்திரை குத்தியதோடு கடமை முடிந்தது. அறிவு ஆங்கிலத்தில் அறிக்கையாய்க் கிடந்தது. வித்து மட்டும் வயலுக்கு வந்தது. அறிவை விட்டுவிட்டு வித்தை மட்டும் இறக்குமதி செய்த நாட்டில் புழு வெல்லாமல் வேறெது வெல்லும்?

இன்னொரு கேடும் உண்டு. இந்தியாவில் இவ்வாற்றலை ஏறத்தாழ முழுதும் ஒட்டுவித்துகளிலேயே விற்றனர். ஒட்டுவித்தின் மறுவிதைப்பில் அதே தரம் வாராது; எனவே ஆண்டுதோறும் கடைக்குப் போயாக வேண்டும். 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏறத்தாழ 1,600 உருபாவுக்கு விற்ற ஒரு பொட்டலத்தில் 1,250 உருபா மரபீனிக்கான கட்டணம்! ஆந்திர அரசு 2006-இல் வழக்காடிய பின்னரே விலை 750 உருபாவாக இறங்கியது. 2001-ஆம் ஆண்டின் பயிர்வகைப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், வித்தை எடுத்துவைக்கவும் விதைக்கவும் பகிரவும் உழவனுக்கு உரிமை தந்தது. சட்டம் தந்த உரிமையை ஒட்டுவித்து பறித்துக்கொண்டது. மேலும் இவ்வொட்டுச் செடிகள் நெடுநாள் வயலில் நிற்பன. கடைசிப் பருவத்தில் வரும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு அதுவே விருந்து. பருவம் முடிந்ததும் பருத்திச் செடியைப் பிடுங்கி அழிக்க வேண்டும் என்பது இம்மண்ணுக்குப் புதிதா? பயிர்ப்பூச்சி, நோய்ச் சட்டத்தைச் சென்னை மாகாணம் 1919-இலேயே இயற்றிப் பருத்தியில் அதனைச் செயற்படுத்தியது. நூறாண்டுக்கு முன் அறிந்ததை மறக்கச் செய்துவிட்டு, புதிய அறிவு என்று பொட்டலம் விற்றனர்!

நான்கு தமிழ்நாட்டுக் கத்தரிகள்

பருத்தி உடை, கத்தரி உணவு. பருத்தியில் படித்த பாடத்தைக் கத்தரியில் மறந்தோர் வேற்றாரல்லர். தமிழ்நாட்டு வேளாண் பல்கலைக்கழகத்தாரே!

கோ-2, மதுரை-1, கிள்ளிகுளம்-1, பாலூர்-1. இந்நான்கும் தமிழ்நாட்டு ஊர்களில் விளையும் கத்தரிவகைகள். மதுரை என்றும் கிள்ளிகுளம் என்றும் பாலூர் என்றும் ஊர்ப்பெயரையே தாங்கியவை. அமெரிக்க அரசின் உதவித்தொகையில், கார்னல் பல்கலைக்கழகம் தலைமை தாங்கிய ஒரு திட்டத்தின் கீழ், 2005-இல் மகிக்கோவுடன் கோவைப் பல்கலைக்கழகம் உடன்படிக்கை செய்து, இந்நான்கிலும் அக்குழுமத்தின் பி.டி. மரபீனியைப் புகுத்தியது. காய்துளைக்கும் புழுவுக்கு நஞ்சு தெளிப்பதைக் குறைக்கலாம் என்பது சொல்லப்பட்ட நோக்கம். ஏழை உழவர்க்குக் குறைந்த விலையில், மறுபடி விதைக்கும் வகையில் தரப்போவதாகவும் கூறினர்.

நோக்கம் நன்றாகவே இருக்கட்டும். வித்து எவருடையது? மரபீனி குழுமத்தினது, கத்தரி தமிழ்நாட்டு உழவரது, இரண்டும் கலந்த பின் உரிமை எவரது? பல்கலைக்கழகம் அதனை வைத்து எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது? இக்கேள்விகளை எழுப்பியவர் தெருமுனைப் பேச்சாளர் அல்லர். அன்றைய நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சர் செயராம் இரமேசு. 2009 அக்தோபர் 14-இல் மரபீனிப் பொறியியல் இசைவுக் குழு பச்சைக்கொடி காட்டிய பி.டி. கத்தரியை 2010 பிப்பிரவரி 9-இல் நிறுத்திவைத்தபோது, அவர் தம் அறிக்கையில் கோவைப் பல்கலைக்கழகத்தின் அவ்வுடன்படிக்கை உரிமை பற்றிக் கவலை தரும் கேள்விகளை எழுப்புவதாகக் குறித்தார். வழிவழியாக உழவர் பேணிய வித்தைப் பிறர் கையில் ஒப்படைக்கத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எவர் இசைவு தந்தார்? மதுரைக் கத்தரியை விளைவித்த ஓர் ஊரையேனும் கேட்டனரா?

இதனினும் கொடிது ஒன்று. அவ்வமைச்சர் முடிவெடுக்குமுன் மக்கள் கருத்தைக் கேட்க ஏழு நகரங்களில் கூட்டம் நடத்தினார். கொல்கத்தா, புவனேசுவரம், அகமதாபாது, நாகபுரி, சண்டிகர், ஐதராபாது, பெங்களூரு. பட்டியலை மறுபடி படித்துப் பார்க்கட்டும்! நான்கு கத்தரிகளைக் கொடுத்த தமிழ்நாட்டில் ஒரு கூட்டமும் இல்லை. வித்துக்குத் தமிழ்நாடு வேண்டும், கருத்துக்கு வேண்டா!

கருநாடகத்தில் அவ்வாறு விடவில்லை. அங்குள்ள கத்தரிவகைகளை உரிய இசைவின்றிப் பயன்படுத்தியதாகச் சுற்றுச்சூழல் ஆர்வலர் முறையிட, நடுவண் உயிரிப்பன்மை ஆணையம் 2011-இல் சட்ட நடவடிக்கைக்கு முடிவு செய்தது. அவ்வாணையத்தின் தலைமையகம் எங்குள்ளது? சென்னையில்! சென்னையில் அமர்ந்திருக்கும் ஆணையத்தின் கதவைப் பெங்களூரார் தட்டினர், தமிழ்நாட்டார் உறங்கினர்.

அறிவியலுக்குப் பகையா?

இவ்வாறு கேட்போரைப் பார்த்து, 'அறிவியலுக்குப் பகைவர். பழமைச் சேற்றில் ஊறியவர்' என்று கூறும் கூட்டம் ஒன்றுண்டு. பூச்சியைத் தாங்கும் பயிர்வகையைத் தேர்ந்தெடுப்பது உழவு தோன்றிய நாள் முதல் உழவன் செய்துவரும் வேலை. கரிசல் நிலத்தின் கருங்கண்ணிப் பருத்தி சாறுறிஞ்சிகளையும் வறட்சியையும் தாங்கி நின்றது எந்தக் குழுமத்தின் காப்புரிமையால்? மரபீனியை ஆராய்வது குற்றமன்று. தமிழில் ஆராயாததே குற்றம். வித்தில் ஆற்றலை ஏற்றுவது குற்றமன்று; ஏற்றிய வித்தை உழவன் கையினின்று பறிப்பதே குற்றம்.

அரசே செய்தால் சரியாகுமா? வங்கதேசம் 2013-இல் தன் அரசு ஆராய்ச்சி நிலையத்தின் வழியே பி.டி. கத்தரியை வெளியிட்டது, அங்கே உழவர் வித்தை எடுத்துவைக்க வழியுண்டு. தனியார் ஒட்டுவித்தினும் இது மேல். இந்தியாவில் செய்தது எவ்வாறு முடிந்தது? உழவர் மறுபடி விதைக்கக்கூடிய பி.டி. பருத்தி என்று 'பீகானேரி நர்மா' என்னும் வகையை நடுவண் ஆராய்ச்சி நிறுவனங்கள் 2009-இல் விற்பனைக்கு விட்டன. தம் சொந்த ஆக்கம் என்று மார்தட்டினர். அதற்குள் மான்சாண்டோவின் மரபீனி இருந்தது தெரியவர, விற்பனை நின்றது. மக்கள் வரிப்பணத்தில் பல ஆண்டு உழைத்து, கடைசியில் அயலான் மரபீனியையே கையில் ஏந்தி நின்ற இழிவுக்கு எவர் பொறுப்பேற்றார்? அரசு முத்திரை மட்டும் வித்துக்குக் காப்பாகாது. விழிப்புள்ள மக்கள் கேள்வி கேட்டால்தான் அம்முத்திரைக்கே காப்பு.

மலை காட்டும் வழி

ஏலமலையில் இன்று பரவிநிற்கும் 'ஞள்ளானி' வகை எந்தக் குழுமத்தின் ஆய்வகத்திலும் பிறக்கவில்லை. இடுக்கி மாவட்டத்துக் கட்டப்பனைப் பக்கத்து உழவர் ஒருவர் தம் தோட்டத்தில் கண்டு தேர்ந்தெடுத்த வகை அது. கன்றுகளாய்க் கைக்குக் கை மாறி மலை முழுதும் பரவியது. தேர்ந்தெடுக்கும் அறிவு உழவனிடம் உண்டு என்பதற்கு இதனினும் வேறு சான்று எதற்கு?

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. விளைச்சல் ஏறியதும் தோட்டங்களில் நஞ்சும் ஏறியது. வித்து உழவன் கையில் இருந்தும், பூச்சியைப் பற்றிய அறிவு நஞ்சுக்கடைக்காரன் வாயில் இருந்தால் விளைவு இதுவே. இலைப்பேன் ஏலத்தின் காய்ந்த இலைமடல்களுக்குள் ஒளிந்து வாழ்வது. பழுத்துக் காய்ந்த மடல்களைப் பருவத்தில் களைந்தால் அதன் புகலிடம் போகும். ஏலப்பூவுக்கு மகரந்தம் கொண்டுசெல்வது தேனீ. நஞ்சு தெளித்தால் பூச்சியோடு தேனீயும் மாளும். தேனீ மாண்டால் பூ காயாகாது. தன் விளைச்சலைத் தானே தெளித்துக் கொல்லும் இவ்வறியாமையைப் போக்க மரபீனி எதற்கு? தெளிந்த தமிழில் எழுதிய ஒரு சிறு நூலும், தோட்டந்தோறும் சென்று சொல்லும் ஓர் ஆளும் போதும். அவ்விரண்டுக்கும் பணமில்லை என்பார், ஆய்வகக் கட்டடங்களுக்கு மட்டும் பணம் காண்பார்!

செய்ய வேண்டுவன

2024 சூலை 23-இல் மரபீனி மாற்றிய கடுகு பற்றிய வழக்கில் உச்ச நயன்மன்றத்தின் இரு நடுவர் இசைவு செல்லுமா என்பதில் வேறுபட்டனர்; எனினும், உழவரையும் மாநிலங்களையும் கலந்து இப்பயிர்கள் குறித்து நாடுதழுவிய கொள்கை வகுக்குமாறு நடுவண் அரசைப் பணிப்பதில் ஒன்றுபட்டனர். கொள்கை வகுப்போர் தமிழ்நாட்டை மறுபடியும் தாண்டிச் செல்லாதிருக்கத் தமிழர் வாய்திறக்க வேண்டும்.

முதலாவது, 2005-இல் கோவைப் பல்கலைக்கழகம் செய்த உடன்படிக்கையை முழுமையாகத் தமிழில் வெளியிட வேண்டும். இரண்டாவது, 2002-ஆம் ஆண்டின் உயிரிப்பன்மைச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியும் பேரூராட்சியும் தன் எல்லைக்குட்பட்ட பயிர்வகைகளைப் பதிவேட்டில் ஏற்றும் உரிமை உடையது. தேவாரமும் போடியும் தம் கத்தரி, பருத்தி, மொச்சை, அவரை வகைகளை ஊரார் வழங்கும் தமிழ்ப் பெயர்களாலேயே பதிய வேண்டும். பெயரில்லாத பொருளையே திருடன் எளிதில் எடுத்துச் செல்வான். மூன்றாவது, பூச்சி எதிர்ப்பாற்றல் உடையதென்று சொல்லி எந்த வித்து வந்தாலும், அதனை மறுபடி விதைக்கலாமா, புகலிடப் பயிர்க்கு ஈடு எவர் தருவார், ஆற்றல் பொய்த்தால் இழப்பை எவர் ஏற்பார் என்னும் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் தமிழில் விடை தந்தாலன்றி ஒரு பிடி வித்தும் தமிழ்நாட்டு மண்ணில் விழலாகாது. நான்காவது, பூச்சிக்கொல்லிப் புட்டி ஒவ்வொன்றின்மேலும் பெரிய எழுத்தில் 'நஞ்சு' என்னும் தமிழ்ச்சொல் பொறிக்கப்பட வேண்டும். அதனைத் தெளிக்கும் கூலியாளுக்கு முகமூடியும் கையுறையும் தோட்ட உடைமையாளர் செலவில் தரப்பட வேண்டும்.

இவற்றுள் எதற்கும் புதிய ஆய்வகம் வேண்டா. துணிவும் தமிழும் வேண்டும், அவ்வளவே.

பூச்சி எதிர்ப்பாற்றல் கடையில் நிறுத்து விற்கும் சரக்காயின், விற்றவன் விலையேற்றிய நாளில் உழவன் வெறுங்கையன். புழு வென்ற நாளில் கடன்காரன். பருத்தி இவ்விரண்டையும் காட்டிவிட்டது. கத்தரியிலும் அதனைக் காட்ட வாய்ப்பளிப்பது அறிவுடைமையாகாது. வித்து உழவன் குதிருக்குள் இருக்க வேண்டும். அதனைக் காக்கும் அறிவு அவன் தாய்மொழியில் இருக்க வேண்டும். இவ்விரண்டும் இருந்தால் புதிய அறிவியல் எது வந்தாலும் அதனை அளந்து கொள்ளவும் தள்ளவும் தமிழ உழவன் வல்லவன் ஆவான். இவ்விரண்டும் இல்லையெனில், எத்துணை மரபீனிகளை ஏற்றினும் கைமாறிய வித்து காவாது.

தேவாரத்து உழவன் விழிப்பானாக! நஞ்சை நஞ்சென்று சொல்லும் நா அவனுக்கு வாய்க்கட்டும்!